ஒன்பதாம் பாட்டிலும் சின்ன ‘ரு’வும்

ஜூலை 6, ஞாயிறு

காற்று. வாசலை மூன்று முறை பெருக்கியாயிற்று. மூன்று முறையும் எதிர்வீட்டுக் குப்பை நம் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. கொடியில் போட்ட இவர் சட்டை வேலியில்.

இன்று முடிக்க வேண்டியவை:
எட்டாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகள் (பாதிகூட ஆகவில்லை)
இட்லிக்கு ஊறப்போட
தண்ணீர் கேன் இரண்டு சொல்ல
அம்மாவுக்கு போன்

ஒன்றும் நடக்கவில்லை. காரணம் ஊராட்சி அலுவலகச் சுவர்.

கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து சர்ச்சிலிருந்து வரும்போது டீக்கடைப் பாண்டி கையைக் காட்டிக் கூப்பிட்டான். "டீச்சர், போர்டப் பாத்தீகளா? நம்ம நோட்டுக்குப் பாடை கட்டிட்டாங்கெ."

போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, காலனி மூன்றுக்கும் சேர்த்துக் குடிதண்ணீர் போர். இடம் கிழக்குப் புறம்போக்கு. பதினைந்தாம் தேதி போர் போடும் வண்டி வருகிறது. கீழே காரணம்: "ஊரின் பதினான்கு நீர் ஆதாரங்களும் ஒரே தன்மை உடையவை (உப்புக் கரிப்பு). எனவே வாகனம் வந்து செல்ல வசதியான இடம் தேர்வு செய்யப்பட்டுள்ளது." ‘ஆழ்துளை’ என்பதை ‘ஆள்துளைக் கிணறு’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆளைத் துளைக்கும் கிணறு. பிழையிலாவது உண்மை வந்ததே.

ஒரே தன்மையாம்! இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை ஒன்று விடாமல் உட்கார்ந்தோமே, அது எதற்கு? பொழுது போகாமலா?

மனு எழுத உதவும் என்று நடந்ததை வரிசையாகக் குறித்து வைக்கிறேன்.

தொடங்கியது குழாயடியில், ஒரு சண்டையில். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் முருகாயி, ஊர்த் தண்ணீர் எல்லாம் ஒன்றுதான் என்றாள். சின்னாளபட்டிச் சேலைகளுக்குச் சாயம் போடும் ராசாமணி, கிணற்றுக்குக் கிணறு வேறு, தன் தொட்டியைக் கேட்டால் சொல்லும் என்றார். பாண்டி, "சும்மா கத்தாம பாட்டில்ல கொண்டாங்கப்பா, குடிச்சுப் பாத்துருவோம்" என்றான். அவ்வளவுதான். அந்த ஞாயிறு சாயங்காலமே டீக்கடைப் பின்பக்கம் பதினான்கு பாட்டில். அடியில் எண். எது எந்தக் கிணறு என்று தெரியாமல் ஒரு மடக்கு, நாக்கில் வைத்துத் துப்ப வேண்டும், தோன்றியதை எழுத வேண்டும். எழுத்து வேலைக்கு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று விதி:
எண் தெரிந்தவர் குடிக்கக் கூடாது.
அவரவர் வார்த்தையை அவரவரே எழுத வேண்டும்.
அழிக்கக் கூடாது. தப்பு என்றால் மேலே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, கீழே பேர்.

மூன்றாவது விதி பாண்டியால் வந்தது. தன் வார்த்தைமேல் வெள்ளை மை பூசிவிட்டான். அடுத்த மாதம் பார்த்தால் அவன் முதலில் எழுதியதுதான் சரி. என்ன எழுதினான் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. முருகாயி போட்ட சத்தத்தில் வடைச் சட்டி ஆறிப்போனது.

முதல் விதி நான் கொண்டுவந்தது. பாட்டிலில் எண் ஒட்டுவது நான். அதனால் நான் குடிப்பதில்லை.

இந்த மார்ச்சில் ஒன்பதாம் எண் மாறியது. ஒன்பது என்பது கிழக்கோரத்துப் போர். ராசாமணி அந்தத் தண்ணீரில் வெள்ளைத் துணியை ஊறப்போட்டார், பழுப்பேறியது. பாண்டிக்கு டீ கறுத்தது. முருகாயிக்கு வாய்க்கு ஆகவில்லை. செப்டிக் டேங்க் என்றார்கள், உரம் என்றார்கள், ஆளுக்கு ஒன்று. ராசாமணி இரண்டு ஞாயிறு வாயே திறக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு நோட்டை வாங்கி அவரே எழுதினார்: "பட்டறை இருந்தப்ப சாயக் கழிவக் கெழக்குக் குழியில ஊத்துனோம். நானும் ஊத்துனேன்." கீழே பேர். அந்தச் சாயப் பட்டறை மூடிப் பல வருடம் ஆகிறது. குழிமேல் கருவேலம் முளைத்துவிட்டது. பாண்டி எல்லோருக்கும் டீ போட்டான்.

அந்தக் குழிக்குப் பக்கத்தில்தான் இப்போது பிள்ளைகளுக்குக் குடிதண்ணீர் போர் போடப் போகிறார்கள்.

மே மாதம் நான் எல்லாவற்றையும் தொகுத்து, தட்டச்சு செய்து, என்ஜினியர் ஆபீசுக்கு அனுப்பினேன். படித்தாரா அந்த மனிதர்? படித்திருந்தால் இப்படி எழுதக் கை வருமா?

இட்லிக்கு ஊறப்போட மறந்தேன்.


ஜூலை 7, திங்கள்

காற்று குறையவில்லை. திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி இல்லாத சீட்டு. பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது தலை முழுக்கப் புழுதி.

வகுப்பில் ஒருத்தி ‘தன்னீர்’ என்று எழுதியிருந்தாள். பத்து முறை எழுதச் சொன்னேன். இன்று என்னிடம் அந்த வார்த்தையைத் தப்பாக எழுதியது அவள் நேரம்.

அரைநாள் லீவு கேட்டேன். தலைமை ஆசிரியர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "புதன்கிழமை எடுத்துக்கங்க ஸ்டெல்லா. இன்னைக்கு ஆள் இல்ல." ஆள் என்றைக்கு இருந்தது?

மதிய இடைவேளையில் மனு எழுதி முடித்தேன். இரண்டு பக்கம். முக்கிய வரி: "மக்கள் திரட்டிய உண்மைகளைத் திட்டமிட்டு மறைத்த மோசடி." மோசடியைத் தடித்த எழுத்தில் போட்டேன். அடுத்த திங்கள் கலெக்டர் ஆபீசில் மனுநாள். அதற்குள் கையெழுத்து வாங்க வேண்டும்.

அதே வரியை ஊர் வாட்ஸப் குழுவில் போட்டேன், என்ஜினியரின் பதவியோடு. பஸ்ஸில் வருவதற்குள் கைகூப்பு, கோப முகம், "டீச்சர்னா டீச்சர்தான்". யாரோ ஒருவன் அந்த என்ஜினியரின் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தான். அதை மட்டும் நீக்கச் சொன்னேன். நீக்கவில்லை.

பின்சீட்டில் இரண்டு பேர்:
"நாக்குல வச்சுப் பாத்துத் தண்ணிய டெஸ்ட் பண்றாங்களாம்ல."
"அப்ப இனிமே டாக்டரும் நக்கிப் பாத்தே மருந்து எழுதுவாரு."
திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். இறங்கும்வரை இருவரும் செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.


ஜூலை 9, புதன்

மேகம், மழை இல்லை. வழக்கம்போல.

என்ஜினியர் ஆபீஸ். ஒன்றரை மணி நேரம் பெஞ்சு. மின்விசிறி சுற்றாத பக்கம் பார்த்து உட்கார வைத்தார்கள். அந்த மனிதர் வந்தார். மனிதரா, பையன். என் பழைய மாணவர்களைவிடச் சின்னவன். "உக்காருங்க மேடம்" என்றான். உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டேன், வராண்டாவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி. சம்பளம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்குச் சாயத்தண்ணீர் கொடுக்கப் பார்க்கிறீர்களா? பதினான்கும் ஒன்று என்று எந்த வாயால் எழுதினீர்கள்?

குறுக்கே பேசாமல் கேட்டான். அதுவே எனக்கு இன்னும் எரிச்சல். பிறகு ஃபைலைத் திறந்தான்.

"மீட்டர் வச்சுப் பாத்தேன் மேடம். உப்பு எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் காட்டுச்சு. மீட்டர்ல அது மட்டுந்தான் தெரியும். அதான் உங்க பேப்பரயும் பாத்தேன். அதுலயும் பதினாலும் ஒண்ணுதான்."

"பொய்."

"நீங்களே பாருங்க."

திருப்பி வைத்தான். என் தட்டச்சு. அட்டவணை. எண் ஒன்று, உப்புக் கரிப்பு. எண் இரண்டு, உப்புக் கரிப்பு. பதினான்கு வரை அதேதான். ஒன்பது: உப்புக் கரிப்பு. கீழே: தொகுப்பு, ஸ்டெல்லா, எம்.ஏ., பி.எட்.

"முழு டெஸ்ட்டுக்கு அனுப்பணும்னா ஒரு காரணம் எழுதணும் மேடம். ஊர்ல ஒருத்தராவது மாத்திச் சொல்லியிருந்தா அனுப்பியிருப்பேன்."

நோட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "நோட்டு எனக்கு வரலியே" என்றான். பிறகும் என்னென்னவோ கத்தினேன். வெளியே வரும்போது பியூன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், நான் இடித்துக்கொள்ளக் கூடாதே என்று.

பஸ்ஸில் ஒன்றும் ஓடவில்லை. அட்டவணை சுருக்கமாகத்தானே இருக்கும்? ஒன்பது ஆகாது என்று ஊரே சொல்கிறதே, நேரில் வந்து ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போவான்? சுருக்கத்தைப் பார்த்துப் போர் போடுகிறவன் என்ன என்ஜினியர்?

தண்ணீர் கேன் வந்தது. ஒன்றில் மூடி சரியில்லை. திருப்பி அனுப்பினேன்.


ஜூலை 10, வியாழன்

வெயில்.

நோட்டு பாண்டி கடை பிஸ்கட் டின்னில் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு நேரே போய் வாங்கினேன். "மனுவோட சேக்கவா டீச்சர்? சேத்துவிடுங்க, அரண்டு போகட்டும்" என்றான்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

நோட்டில்: சவுரு. உப்பு. லேசா சவரு. கரிக்கிது. சப்புனு இருக்கு. ஒரே எண்ணுக்கு மூன்று பேர் மூன்று வார்த்தை, பக்கத்தில் சண்டை வேறு. என் அட்டவணையில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ஞாபகம் வந்தது. மே மாதம், கரண்ட் இல்லாத மதியம். அரசாங்கத்துக்குப் போகிற அறிக்கையில் ஆளுக்கொரு வார்த்தை இருந்தால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். பழுப்பேறிய துணி, கறுத்த டீ இரண்டையும் எடுத்துவிட்டேன். அறிக்கையில் டீக்கு என்ன வேலை?

அப்புறம் ஒன்பது. முருகாயி கையெழுத்து, மார்ச்சிலிருந்து வாராவாரம். காருது. காருது. ரெம்பக் காருது. எல்லா இடத்திலும் பென்சிலால் நான் வட்டம் போட்டிருக்கிறேன், மாணவிகள் நோட்டில் போடுவதைப் போல. மேலே என் திருத்தம்: கரிக்கிறது.

தமிழில் ‘காருது’ என்று ஒரு வார்த்தை இல்லை. அதனால் அவளுக்கு எழுதத் தெரியவில்லை என்று முடிவுகட்டியிருக்கிறேன். ஒரு நிமிடம் இப்போதும் அப்படித்தான் தோன்றியது, கோபமும் வந்தது, அவள்மேல்.

எழுந்து போனேன். முருகாயி ஊர்ப் பள்ளிக்கூட அடுப்படியில் அண்டா கழுவிக்கொண்டிருந்தாள்.

"முருகாயி, காருதுன்னா என்ன? கரிக்குதா?"

"கரிக்கிறது உப்பு டீச்சர். இது காருது. சேனக்கெழங்கு சரியா வேகாட்டித் தொண்டையப் புடிக்கும்ல, அது மாதிரி." கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "நீங்க அந்தத் தண்ணிய வாயில வச்சதே இல்லயா?"

காறுது. காறல். வல்லின ‘று’. ஒரே ஓர் எழுத்து.

"இல்ல" என்று மட்டும் சொன்னேன். வந்துவிட்டேன்.


ஜூலை 11, வெள்ளி

எல்லார் மேலும் கோபம். அந்த என்ஜினியர் மேல்: ஒருவர் கொடுத்த காகிதத்தை அப்படியே நம்புவானா? முருகாயிக்கு அஞ்சாம் வகுப்பில் பாடம் எடுத்தவர் மேல்: ர, ற வித்தியாசம் சொல்லிக்கொடுக்காமல் என்ன செய்தார்? பாண்டி மேல்: ஆபீசுக்கு அனுப்புமுன் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியும். "இதெல்லாம் உனக்குப் புரியாது பாண்டி."

இவரிடம் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். வெஞ்சனம் இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னார். பிறகு, "நீ அந்தத் தண்ணியக் குடிக்காததுக்கு நம்பர் மட்டுமா காரணம்?"

"வேற என்ன?"

"நம்ம வீட்ல ரெண்டு வருசமா கேன் தண்ணி."

எழுந்து போய்விட்டேன். இருபத்து மூன்று வருடக் கல்யாணம். ஒரு வருடத்துக்கு ஒரு வாக்கியம் பேசுவார், அதையும் இப்படிப் பேசுவார்.

விதியை நான்தான் எழுதினேன். எண் ஒட்டும் வேலையை வேறு யாருக்காவது ஒரு வாரம் கொடுத்திருக்கலாம். அடுத்தவர் போரில் பிடித்த தண்ணீரை, அடுத்தவர் வாய் வைத்த டம்ளரில்... சரி, எழுதிவிட்டேன், போதும்.

நாளன்னைக்கு ஞாயிறு. செவ்வாய் போர் வண்டி.


ஜூலை 12, சனி

காலையில் பாண்டி மனுவோடு வந்தான். இரண்டு பக்கமும் நிறையக் கையெழுத்து. "பேர் போடத் தெரியாதவுகளுக்கெல்லாம் முருகாயி சொல்லிக் குடுத்துச்சு டீச்சர். யாரும் கைநாட்டு வச்சிறக் கூடாதுன்னு ஒரே புடியா நின்னுருச்சு."

பார்த்தேன். கோணல்மாணலாகச் சில பேர்கள், பேனாவை அழுத்திய அழுத்தத்தில் காகிதம் கிழிந்திருந்தது. மேலே என் தடித்த எழுத்து மோசடி.

"என்ன டீச்சர், மேலுக்கு முடியலயா?"

"தலைவலி."

பொய். என் கோழைத்தனத்துக்குத் தலை என்ன செய்யும்?

ஒரு வழி தோன்றியது, அதையும் எழுதி வைக்கிறேன். அட்டவணையைப் புதிதாகத் தட்டச்சு செய்து, ஒன்பதில் ‘காறல்’ என்று போட்டு, முதலில் அனுப்பியது தொலைந்துவிட்டதுபோல இன்னொன்று அனுப்பிவிடலாம். யாருக்கும் தெரியாது. பாண்டி பூசிய வெள்ளை மைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுப் பார்த்தேன். இது ஏ4 அளவு. அவ்வளவுதான்.

ராசாமணி நினைப்பு. இரண்டு வாரம் பேசாமல் இருந்தாரே, அந்த இரண்டு வாரமும் தூங்கியிருப்பாரா?


ஜூலை 13, ஞாயிறு

காற்று. டீக்கடைப் பின்பக்கத் தகரம் படபடவென்று அடித்தது. பேச்சைத் தொடங்கும் முன் அதற்கு ஒரு கல் வைக்க வேண்டியிருந்தது.

பாட்டில்களை எடுக்க வேண்டாம் என்றேன். நோட்டையும் என் அட்டவணையையும் நடுவில் வைத்தேன். வரிவரியாக இரண்டையும் வாசித்தேன். முதல் ஐந்தாறு எண் வரை யாருக்கும் புரியவில்லை. ஒன்பது வந்தது. நோட்டில் முருகாயி எழுதியது, அட்டவணையில் நான் எழுதியது. நிறுத்தினேன்.

பாண்டிதான் முதலில். "அப்ப என்ஜினியரு ஒண்ணும் பண்ணலயா?"

"இல்ல. நான்தான்."

முருகாயி நோட்டை வாங்கினாள். பென்சில் வட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எத்தனை என்று எண்ணுகிறாளோ என்று பயமாக இருந்தது. சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாங்க எழுதுனது பரிச்சப் பேப்பரா டீச்சர்? தப்புன்னா என்னயக் கூப்புட்டுக் கேக்க மாட்டீகளா? நாலு வீடு தள்ளித்தான இருக்கேன்."

‘ரு’வுக்கும் ‘று’வுக்கும் வித்தியாசம் சொன்னேன். அதைச் சொல்லும் நேரமா அது? எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அதனால் சொன்னேன். தொண்டையைப் பிடிக்கிறதுக்குப் பெரிய று. முருகாயி கேட்டுக்கொண்டாள்.

ராசாமணி அட்டவணையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம்.

"டீச்சரம்மா, நான் எழுதுனது எங்க?"

குழியைப் பற்றி அவர் எழுதியது. அதையும் நான் எடுத்துவிட்டேன். அவர் பெயர் வெளியே போனால் கஷ்டம் வருமே, அவர் நல்லதுக்குத்தான் என்று. அப்படியே சொன்னேன்.

"அத எழுத எனக்கு ரெண்டு வாரமாச்சு" என்றார். "கஷ்டம் வரும்னு தெரிஞ்சுதான எழுதுனேன்."

காகிதத்தை மடித்துக் கீழே வைத்தார். இத்தனை வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு கூச்சம் எனக்கு வந்ததில்லை.

பிறகு பாண்டி, "இப்ப அழுது என்னத்துக்கு? செவ்வாக்கிழம வண்டி வருது. அதப் பேசுங்க" என்றான். நான் அழுதேன் என்பது அவன் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

மனுவைக் கிழிக்கப் போனேன். முருகாயி பிடுங்கிக்கொண்டாள். "அதுல கையெழுத்துப் போட ஆளாளுக்கு எம்புட்டுப் பாடுபட்டாக தெரியுமா? மேல உள்ளத மட்டும் அடிங்க." மோசடி வரியில் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில்: "அட்டவணையில் பிழை உள்ளது. பிழை என்னுடையது. மூல நோட்டு இணைக்கப்பட்டுள்ளது." கீழே பேர். எம்.ஏ., பி.எட். போடவில்லை. கையெழுத்துப் போட்டவர்களிடம் மாற்றிய வரியை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றாள் முருகாயி. நாங்கள் நான்கு பேரும் வீடு வீடாகப் போனோம். இருட்டும்வரை. காலனி முனை வீட்டில் ஒரு அம்மா கேட்டார், "அப்ப டீச்சருக்கும் தப்பு வருமா?" முருகாயி எனக்காகச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

வாட்ஸப் குழுவிலும் போட்டேன். கைகூப்பு எதுவும் வரவில்லை.


ஜூலை 14, திங்கள்

நல்ல வெயில். த.ஆ.விடம் லீவு கேட்கவில்லை, சொன்னேன்.

நான்கு பேரும் ஒரே பஸ்ஸில். முருகாயி மடியில் பிஸ்கட் டின். ராசாமணி பையில் பழுப்பேறிய துணி, ஒன்பதாம் பாட்டில். பாண்டி கடையைப் பூட்டிவிட்டு வந்தது அவன் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவையாம்.

கலெக்டர் ஆபீசுக்குப் போகவில்லை, என்ஜினியரிடம் போனோம். வராண்டாவில் அன்று இருந்த அதே பியூன், ஏறக்குறைய அதே முகங்கள். வேண்டுமென்றே வராண்டாவிலேயே நின்று சொன்னேன். அன்றைக்கு எந்தச் சத்தத்தில் திட்டினேனோ அதே சத்தத்தில். "நீங்கள் எதையும் மறைக்கவில்லை. மறைத்தது நான்." அவன் காது சிவந்துவிட்டது. "பரவால்ல மேடம், உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று தவித்தான். பாவம், திட்டு வாங்கும்போதுகூட இவ்வளவு தவிக்கவில்லை.

மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்தான். தேநீர் வந்து ஆறிப்போனது. இடையிடையே கேள்வி: "சப்புனு இருக்குன்னா?" பாண்டி பதில். "சவருன்னா உப்பு இல்லயா?" இல்லை என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில். சவர் என்பது இந்த மண்ணின் பழைய ருசி, பழகினால் ஒன்றும் செய்யாது என்றார் ராசாமணி. அப்படியா, அதையும் டெஸ்டில் பார்த்துவிடுவோம் என்றான். குழி பற்றிய வரி வந்ததும் தலையை நிமிர்த்தினான்.

"இத எழுதுனது யாரு?"

"நாந்தான் சார். எடத்தக் காட்டுறேன். எத்தன அடி தோண்டுனோம்னும் தெரியும்."

முருகாயியிடம், "காருதுன்னா எப்டிம்மா?" அவள் டம்ளரில் ஊற்றி நீட்டினாள். "முழுங்கிறாதீக சார், துப்பிருங்க." ஜன்னல் பக்கம் போய்த் துப்பினான். திரும்பி வரும்போது தொண்டையைச் செருமிக்கொண்டே வந்தான்.

நாளைக்கு வண்டி வராது. ஒன்பது முழு டெஸ்ட்டுக்கு. பள்ளிக்கூடத்துக்கு மேற்கே, நோட்டில் இரண்டு வருடமும் சவர் மாறாத நான்காம் எண் பக்கம், வேறு இடம் பார்க்கிறேன் என்றான். அதுவும் டெஸ்ட் வந்த பிறகுதான் குடிக்க. எழுதிக் கொடுங்கள் என்றேன். கொடுத்தான். ஒற்றுப்பிழை இரண்டு இருந்தது. வாய் திறக்கவில்லை.


ஜூலை 16, புதன்

தூறல். மண் வாசனைகூட வராத அளவு.

‘தன்னீர்’ எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு ஏன் அப்படி எழுதினாள் என்று கேட்டேன். பத்து முறை எழுதச் சொல்லும் முன்பு கேட்டிருக்க வேண்டியது. "எங்க வீட்ல அப்பிடித்தான் மிஸ் சொல்லுவாங்க" என்றாள். சொல்லச் சொன்னேன். சொன்னாள். எல்லார் வீட்டிலும் அப்படித்தான், என் வீட்டிலும்.

த.ஆ. கூப்பிட்டார். ஊர்க் குழுச் செய்தி அவருக்கும் வந்திருக்கிறது. "இத எல்லாருக்கும் தெரியிற மாதிரிப் போடணுமா ஸ்டெல்லா? நம்ம ஸ்கூல் பேரு என்னாகும்?" திட்டும்போது போட்டதற்கு யாரும் இப்படிக் கேட்கவில்லையே என்றேன். வெளியே போகச் சொன்னார்.

கட்டுரை நோட்டுகள் முடிந்தன.


ஜூலை 20, ஞாயிறு

காற்று அடங்கியிருக்கிறது. காலையில் துணி கொடியிலேயே காய்ந்தது.

மேற்கே இடம் குறித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. வண்டி அடுத்த வாரம். ஒன்பதின் டெஸ்ட் இன்னும் வரவில்லை. இன்றைய பாட்டிலுக்கு மட்டும் பிடித்துக்கொண்டு, அந்தப் போரின் கைப்பிடியைப் பாண்டி சங்கிலி போட்டுக் கட்டிவிட்டான்.

சாயங்காலம் டீக்கடைப் பின்பக்கம். எண் ஒட்டும் வேலை இன்று முருகாயிக்கு, நான்தான் கேட்டேன். வாங்கிக்கொண்டாள். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ராசாமணி பேசுகிறார், அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

டம்ளர் ஒன்றுதான். பாண்டி வாய் வைத்தது, ராசாமணி வாய் வைத்தது, பிறகு என்னிடம்.

முதல் பாட்டில்: ஒன்றும் தெரியவில்லை. எழுதினேன், "தெரியவில்லை." இரண்டாவது: உப்பு. இல்லை, உப்பு இல்லை, நாக்கின் இரண்டு ஓரத்திலும் வழவழவென்று ஏதோ. இதற்குப் பெயர் சவர் என்று நோட்டில் எத்தனை முறை படித்திருப்பேன். இன்றுதான் தெரிந்தது. மூன்றாவது, நான்காவது.

ஐந்தாவது வாயில் இருக்கும்வரை சாதாரணம். துப்பிய பிறகு தொண்டையில் பிடித்தது. மறுபடி துப்பினேன். விடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. எண்ணைப் பார்க்காமலே தெரிந்தது, ஒன்பது. இந்தத் தண்ணீரை அடுத்த வருடம் அங்கன்வாடிப் பிள்ளைகள் குடித்திருக்கும், என் அட்டவணையை நம்பி.

நோட்டை இழுத்து எழுதினேன்: காருது. அவள் எழுத்திலேயே, வேண்டுமென்றேதான். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

முருகாயி எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், தொண்டையப் புடிக்கிறதுக்குப் பெரிய று-ன்னு நீங்கதான சொன்னீக? அடிச்சு எழுதுங்க."

ஒரு கோடு. பக்கத்தில் காறுது. கீழே என் பேர்.